வயிறு தள்ளிய சுவர்

அந்த வட்டாரத்தில் எல்லோரும் அவரை டொக்டொக் சார் என்றுதான் சொல்வார்கள். முகத்துக்கு நேரே 'சார்' உண்டு, முதுகுக்குப் பின்னால் வெறும் டொக்டொக். பழைய வீடு வாங்க நினைக்கிறவர்கள் கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் அவரை ஒரு நடை அழைத்துப்போய்க் காட்டுவார்கள். அவர் உள்ளே நுழைந்ததும் யாரிடமும் பேசமாட்டார். ஆள்காட்டி விரலை மடக்கி, சுவரைத் தட்டிக்கொண்டே அறை அறையாகப் போவார். பூச்சு சுவரோடு ஒட்டிக்கொண்டிருந்தால் ஒரு சத்தம், உள்ளே விட்டுப்போயிருந்தால் வேறு சத்தம். வித்தியாசம் மற்றவர்கள் காதுக்கு எட்டாது. அவர் மட்டும் நின்று, தலையைச் சாய்த்து, இன்னொரு தடவை தட்டுவார். வீட்டை விற்கிறவர் முகம் அந்த இரண்டாவது தட்டில் மாறிவிடும்.

பழைய வீடுகளுக்கு வரும் சீக்கு எல்லாம் ஏறக்குறைய ஒன்றுதான் என்பார். சுண்ணாம்பில் கட்டிய சுவர் தரையிலிருந்து ஈரத்தை இழுக்கும், இழுத்ததை வெளியே விட்டுவிடும். அதன் மேல் யாராவது புத்திசாலி கெட்டியாக சிமெண்ட் பூசிவிடுவான். ஈரத்துக்குப் போக வழியிருக்காது. முழங்கால் உயரத்துக்கு உப்புப் பூத்து, பெயிண்ட் தோல் உரியும். அதே ஈரத்தில் சுவருக்குள் செருகியிருக்கும் உத்திரத்தின் முனை மெதுவாக உளுத்துப்போகும். வெளியே பார்த்தால் தேக்குக் கட்டை கம்பீரமாக இருக்கும். அவர் சட்டைப் பையிலிருந்து ஒரு ஸ்க்ரூ டிரைவரை எடுத்துச் செருகினால் கேக்கில் இறங்குவதுபோல இறங்கும். ஜன்னலுக்கு மேலே சாய்வாக விரிசல் ஓடினால், உள்ளே மரப்பலகை மக்கிவிட்டது என்று அர்த்தம். சுவர் இடுக்கில் செடி முளைத்திருந்தால் மேலே எங்கோ குழாய் ஒழுகுகிறது என்று அர்த்தம்.

இதையெல்லாம் பார்ப்பதற்காக, கட்டிலை நகர்த்துங்கள், அலமாரியை நகர்த்துங்கள் என்று வீட்டுக்காரர்களைப் படுத்தி எடுப்பார். சுவரை மறைப்பதற்கென்றே ஜனங்கள் அலமாரி வாங்குகிறார்கள் என்பது அவருடைய கட்சி.

அவர் மனைவி வாய் நிறையச் சிரித்துக்கொண்டு சொல்லும் ஒரு கதை உண்டு. "கல்யாணத்துக்கு முன்னால முதல் தடவை எங்க வீட்டுக்கு வந்தார். நான் டீ கொண்டுவந்து வச்சேன். நிமிர்ந்து என்னையே பார்த்தார். எனக்கு வெட்கமாப் போச்சு, தலையைக் குனிஞ்சுக்கிட்டேன். அப்புறம்தான் தெரிஞ்சது, என் தலைக்கு மேல உத்திரத்துல கரையான் ஓடியிருந்துதாம்."

அவருக்கும் ஒரு காலத்தில் தைரியமாகப் பேசும் வாய் இருந்தது. தொழிலுக்கு வந்த புதிதில் ஒரு குடும்பம் மொட்டைமாடிக் கைப்பிடிச் சுவரைக் காட்டி, தாங்குமா என்று கேட்டது. மயிரிழை விரிசல்தான். "ஒண்ணும் ஆகாது, பூசி விடுங்க" என்று சொல்லிவிட்டு வந்தார். அடுத்த மழையில் அந்தச் சுவர் ஒரு பக்கமாகச் சரிந்து வாசலில் விழுந்தது. யாருக்கும் அடியில்லை. ஆனால் கீழே சாத்தி வைத்திருந்த குழந்தையின் மூன்று சக்கர சைக்கிள் அப்பளமாக நசுங்கிக் கிடந்தது. பார்க்கப் போனவர் அந்தச் சைக்கிளையே பார்த்துக்கொண்டு நின்றார். அந்த வீட்டம்மா திட்டவில்லை, உட்காரச் சொல்லி நாற்காலி போட்டார். அதற்குப் பிறகு 'ஒண்ணும் ஆகாது' என்கிற பேச்சே அவர் வாயில் வரவில்லை. 'பார்க்கலாம்', 'கவனிச்சுக்கிட்டு இருங்க', 'ஒரு வருஷம் பொறுத்துச் சொல்றேன்' இவைதான் வரும். வீட்டுத் தரகர்கள் அவரைக் கண்டால் எதிர்ப்பக்கம் போய்விடுவார்கள்.

அவருக்கு ஒரே ஒரு தங்கை. அவளுடைய கணவர் சோபாவுக்கும் நாற்காலிக்கும் குஷன் தைத்துக் கொடுப்பவர். ஊரில் குஷன்காரர் என்றால் அவர்தான். வேலை செய்யும்போது உதட்டிடுக்கில் எப்போதும் நாலைந்து குட்டி ஆணிகள் இருக்கும், ஒவ்வொன்றாக எடுத்து அடிப்பார். அதனாலேயோ என்னவோ அதிகம் பேசாத மனுஷர். பேசினால் சிரிப்பாகத்தான் பேசுவார். வாடகை வீட்டின் முன்னறையில் ஒரு சோபாவைப் போட்டால் ஆள் நிற்க இடமில்லை. துணி வெட்டுவதற்குப் படுக்கையறைக்குப் போவார். இரவு படுக்கும்போது தங்கையின் தலைமுடியில் தேங்காய் நார் ஒட்டியிருக்கும்.

ஒருநாள் இருவரும் அண்ணன் வீட்டுக்கு வந்தார்கள். தங்கைக்கு இருந்த உற்சாகத்தில் வந்த கையோடு உட்காரக்கூட முடியவில்லை.

"அண்ணா, ஒரு வீடு பார்த்திருக்கோம். மூலை வீடு. கீழே ஒரே பெரிய அறை, ரெண்டு பக்கமும் ஜன்னல். கதவு எவ்வளவு அகலம்னா, சோபாவை சாய்க்காமலே உள்ள கொண்டுபோகலாம்."

"நீ கதவை அளந்தியா?"

"அவர் அளந்தார். சோபாவை வச்சே அளந்தார்."

குஷன்காரர் தலையைக் குனிந்து சிரித்தார். யாருக்கோ தைத்துக் கொண்டுபோகிற சோபாவை வழியில் அந்த வாசலில் இறக்கி, நுழைகிறதா என்று பார்த்திருக்கிறார்.

மறுநாள் மூவரும் போனார்கள். டொக்டொக் சார் வழக்கம்போல் முதலில் வீட்டைச் சுற்றி வந்தார். பின்பக்கச் சந்தில் போய்ச் சுவரோடு கன்னத்தை ஒட்டி, ஒரு கண்ணை மூடிப் பார்த்தார். அந்தச் சுவர் நேராக ஏறவில்லை. நடுவில், மாடித் தளம் வருகிற உயரத்தில், வெளிப்பக்கமாகப் புடைத்திருந்தது. நூலில் கட்டிய தூக்குக்குண்டை மேலிருந்து தொங்கவிட்டுப் பார்த்தார். நூலுக்கும் சுவரின் அடிக்கும் நடுவில் உள்ளங்கை நுழைகிற அளவுக்குச் சுவர் வயிறு தள்ளியிருந்தது.

உள்ளே வந்து கீழறையில் நின்று அண்ணாந்து பார்த்தார். மாடித் தளத்தைத் தாங்கும் மரக்கட்டைகள் அந்தச் சுவருக்குள் போகவில்லை. அதற்கு இணையாக, பக்கத்துச் சுவர்களில் தலையை வைத்துப் படுத்திருந்தன. கட்டைகள் சுவருக்குள் செருகியிருந்தால் அவை சுவரைக் கையைப் பிடித்து இழுத்து வைத்திருக்கும். இந்தச் சுவரைப் பிடித்துக்கொள்ள யாருமில்லை. அது தன்பாட்டுக்குத் தனியாக நின்றுகொண்டிருந்தது.

மாடிக்கும் போனார். அந்தச் சுவரோரமாக ஒரு ராட்சச அலமாரி, அதன் காலடி வரைக்கும் கம்பளம். வேறு வீடாக இருந்தால் அதை நகர்த்தச் சொல்லாமல் விட்டிருக்க மாட்டார். அன்றைக்கு அறை வாசலில் நின்று ஒரு பார்வை பார்த்துவிட்டுத் திரும்பிவிட்டார். சந்தில் நின்றபோதே அவர் மனதில் முடிவு விழுந்துவிட்டது. அந்த அறையில் தங்கை பிள்ளைகளைப் படுக்கப் போடுவாள் என்பதுதான் கண்முன் நின்றது.

கீழே குஷன்காரர் அந்தப் பெரிய அறையின் நடுவில் நின்று இரண்டு கைகளையும் விரித்து ஏதோ அளந்துகொண்டிருந்தார். மச்சானைப் பார்த்ததும் கையை இறக்கினார்.

"எப்படி மச்சான்?"

"பின்சுவர் வயிறு தள்ளியிருக்கு மாப்பிள்ளை."

"எனக்கும்தான் தள்ளியிருக்கு" என்று தன் வயிற்றைத் தடவினார் குஷன்காரர். தங்கை சிரித்தாள். டொக்டொக் சார் சிரிக்கவில்லை.

"இரும்புக் கம்பி போட்டு, வெளியில தட்டு வச்சு இழுத்துக் கட்டலாம்னு சொல்வாங்களே மச்சான்?"

"கட்டலாம். ஆனா அது தள்ளி நின்னுபோன சுவரா, இன்னும் தள்ளிக்கிட்டே இருக்கிற சுவரான்னு தெரியணும். ஒரு வருஷம் குண்டு தொங்கவிட்டுப் பார்த்தாதான் தெரியும்."

"வீட்டுக்காரங்க ஒரு மாசம்கூடக் காத்திருக்க மாட்டாங்க."

"அதான் சொல்றேன். இது வேண்டாம்."

குஷன்காரர் ஜன்னல் பக்கம் போய், அதன் கட்டையில் கையை வைத்துக்கொண்டு சற்று நின்றார். தங்கைதான் விடவில்லை.

"அண்ணா, இதே வீட்டை வேற யாருக்காவது பார்க்க வந்திருந்தா நீ என்ன சொல்லியிருப்பே?"

"இதையேதான் சொல்லியிருப்பேன்" என்றார் அவர்.

அது பொய். வேறு யாராக இருந்தாலும், கம்பி போட்டுக் கட்டுங்கள், குண்டு தொங்கவிட்டுக் கவனித்துக்கொண்டிருங்கள், துணிச்சல் இருந்தால் வாங்குங்கள் என்று சொல்லி, முடிவை அவர்கள் தலையில் வைத்துவிட்டு வந்திருப்பார். தன் தொழிலில் அவர் சொன்ன முதல் பொய் அதுதான். சொன்னபோது அது பொய்யாகவே படவில்லை, பாசமாகத்தான் பட்டது.

வீடு கைமாறிப் போனது. தங்கை குடும்பம் புதிதாகக் கட்டிய அடுக்குமாடியில் ஒரு ஃபிளாட்டுக்குப் போனது. அந்தக் கட்டடத்தை டொக்டொக் சாரே பார்த்து, தூணிலிருந்து குழாய் வரை எல்லாம் சரி என்று சொன்னார். உண்மையிலேயே எல்லாம் சரியாகத்தான் இருந்தது. லிஃப்டில் சோபா நுழையவில்லை, அவ்வளவுதான். ஆணி அடிக்கிற சத்தம் மண்டையைப் பிளக்கிறது என்று கீழ்வீட்டுக்காரர்கள் மேலே வந்து நின்றார்கள். குஷன்காரர் கொஞ்ச நாள் ஒரு தகரக் கொட்டகையில் வேலை செய்து பார்த்தார். அங்கே மழைச்சாரல் அடித்துத் துணியெல்லாம் பூஞ்சை பிடித்தது. கடைசியில் ஒரு பெரிய ஃபர்னிச்சர் கடையின் பின்கட்டில் போய் வேலைக்குச் சேர்ந்தார். அங்கே ஒருவர் வெட்டுவார், ஒருவர் தைப்பார், ஒருவர் ஆணி அடிப்பார். அவருக்குக் கிடைத்தது ஆணி.

டொக்டொக் சார் தங்கை வீட்டுக்குப் போகும்போதெல்லாம் மாப்பிள்ளை எழுந்து வந்து, "வாங்க மச்சான், உட்காருங்க" என்பார். அந்த நாற்காலியின் குஷன் நைந்து, நடுவில் பள்ளம் விழுந்திருக்கும். ஊருக்கெல்லாம் தைத்தவர் வீட்டில் இப்படியா என்று டொக்டொக் சாரின் மனைவி ஒருதரம் கேட்டுவிட்டாள். "வீட்ல இப்ப தையல் மிஷினே இல்லை அண்ணி" என்று தங்கை சொன்னாள். குஷன்காரர் ஏதோ ஜோக் சொல்லி அந்தப் பேச்சை மாற்றினார்.

மூலை வீட்டுப் பேச்சை மாத்திரம் ஒருவரும் எடுத்ததில்லை. பிள்ளைகள் வளர்ந்து வேலைக்குப் போனார்கள். குஷன்காரருக்குத் திடீரென்று நெஞ்சுவலி வந்து, ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியிலேயே எல்லாம் முடிந்துவிட்டது.

அதற்கு அடுத்த வருஷம், ஒரு இளம் தம்பதி டொக்டொக் சாரைக் கூப்பிட்டார்கள். மூலை வீடு விற்பனைக்கு வந்திருக்கிறது, வந்து பார்த்துச் சொல்ல வேண்டும் என்றார்கள். போகாமலே இருந்துவிடலாமா என்று நினைத்தார். ஆனால் போனார்.

சந்தில் நின்று குண்டைத் தொங்கவிட்டார். உள்ளங்கை அன்றைக்கு எப்படி நுழைந்ததோ அப்படியே நுழைந்தது. இத்தனை மழை, வெயில், சந்தில் போன இத்தனை லாரி எல்லாவற்றையும் பார்த்துவிட்டு, சுவர் நின்ற இடத்தில் நின்றது. இடையில் குடியிருந்தவர்கள் கம்பிகூடப் போடவில்லை. புதுப் பெயிண்ட் ஒரு கை அடித்திருந்தார்கள், அவ்வளவே.

மாடிக்குப் போனார். வீடு காலியாக இருந்தது. கம்பளமும் இல்லை, அலமாரியும் இல்லை. சுவரோரமாகக் குனிந்தவர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"என்ன சார், ஏதாவது பிரச்சினையா?" என்று கூடவே ஏறிவந்த இளம் கணவன் பதறினான்.

அவர் தரைப் பலகைகளைக் காட்டினார். பலகைகள் சுவரைத் தொடுகிற ஓரம் நேர்கோடாக இல்லை. சுவர் எப்படி வளைந்திருந்ததோ அதே வளைவுக்கு ஒவ்வொரு பலகையையும் ரம்பத்தால் அறுத்துப் பொருத்தியிருந்தார்கள். இடையில் ஒரு தாள் நுழையாது.

"இந்தப் பலகை போட்டதுக்கு அப்புறம் சுவர் நகர்ந்திருந்தா, இங்க இடைவெளி விழுந்திருக்கும். விழலை. பலகை போடறதுக்கு முன்னாலயே சுவர் தள்ளிடுச்சு. தள்ளி, நின்னுடுச்சு. அதுக்கப்புறம்தான் தச்சர் வந்து அந்த வளைவுக்கே வெட்டிப் போட்டிருக்கார்."

"இந்தப் பலகை எப்பப் போட்டிருப்பாங்க?"

அவர் ஒரு ஆணியின் தலையைத் தடவிப் பார்த்தார். கொல்லன் கையால் அடித்த ஆணி. "என் தாத்தா பிறக்கிறதுக்கு முன்னால இருக்கும்" என்றார்.

அந்தப் பெண்ணின் முகம் மலர்ந்தது. "அப்ப வாங்கலாமா சார்?"

"ரெண்டு கம்பி போட்டு இழுத்துக் கட்டிக்கோங்க. வாங்குங்க."

இவ்வளவு சீக்கிரம் இவ்வளவு தெளிவாக அவர் யாருக்கும் சொன்னதில்லை. இருவரும் நன்றி சொன்னதுகூட அவர் காதில் சரியாக விழவில்லை. கீழே இறங்கும்போது அந்தப் பெரிய அறையைத் தாண்டித்தான் வெளியே போக வேண்டியிருந்தது. இரண்டு பக்க ஜன்னல் வழியாகவும் வெளிச்சம் வந்து அறை நிறைந்து கிடந்தது. பார்க்காமல் நடந்தார்.

நேராகத் தங்கை வீட்டுக்குத்தான் போனார். அவள் துணி மடித்துக்கொண்டிருந்தாள். என்ன சொல்வது, எங்கே ஆரம்பிப்பது என்று வழியெல்லாம் யோசித்து வந்திருந்தார். உட்கார்ந்ததும் எல்லாம் மறந்துபோனது.

"அந்த மூலை வீட்டைப் பார்க்கக் கூப்பிட்டிருந்தாங்க. போயிட்டு வர்றேன்."

தங்கை நிமிரவில்லை. "நின்னுக்கிட்டுத்தானே இருக்கு?"

"உனக்கு எப்படித் தெரியும்?"

"உன் மாப்பிள்ளை மழை பெஞ்சா மறுநாள் காலையில கட்டாயம் அந்தச் சந்துக்குப் போயிட்டு வருவார். காய் வாங்கப் போறேன்னு சொல்லிட்டுப் போவார். பையில ஒரு கத்திரிக்காய்கூட இருக்காது."

"எதுக்குப் போவார்?"

"சுவர் விழுந்துடுச்சான்னு பார்க்க."

அவருக்குத் தூக்கிவாரிப் போட்டது. தங்கை மடித்த சட்டையை மடிமேல் வைத்துக்கொண்டு அவரைப் பார்த்தாள்.

"கெட்ட எண்ணத்துல இல்லைண்ணா. விழுந்துட்டா நீ சொன்னது சரின்னு ஆயிடும்ல. அப்புறம் மனசு ஆறிடும். 'மச்சான் நம்மளைக் காப்பாத்திட்டார்'னு நானும் நிம்மதியாச் சொல்லிக்குவேன்னு சொல்வார். அது விழவே மாட்டேன்னு நின்னுச்சு. அதைத்தான் அவரால தாங்க முடியலை. ஆனா உன்னை ஒரு வார்த்தை குறை சொன்னதில்லை. சொல்லியிருந்தாக்கூடத் தேவலை."

அவர் நாற்காலியை அவள் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டார். பிறகு அந்த அலமாரி, கம்பளம், அதன் கீழே வளைவுக்கு அறுத்த பலகை எல்லாவற்றையும் சொன்னார். சொல்லும்போது பெரிய கூட்டத்துக்கு விளக்குகிறவர் மாதிரி கையை ஆட்டி ஆட்டிச் சொன்னார். தங்கை பொறுமையாகக் கேட்டாள்.

"அன்னிக்கே அந்த அலமாரியை நகர்த்திப் பார்த்திருந்தா, வாங்கச் சொல்லியிருப்பியா?"

ஆமாம் என்று சொல்லத்தான் அவர் வாயைத் திறந்தார். வரவில்லை. அந்த மூன்று சக்கர சைக்கிள் கண்முன் நசுங்கிக் கிடந்தது.

"தெரியலைம்மா" என்றார்.

"எனக்குத் தெரியும். மாட்டே. வேற யாருக்கும் நீ இப்படிச் சொல்ல மாட்டேன்னும் எனக்கு அப்பவே தெரியும். நீ பொய் சொன்னா எதிராளி முகத்தைப் பார்க்க மாட்டே, சுவரைப் பார்ப்பே."

"தெரிஞ்சும் ஏம்மா சும்மா இருந்தே?"

"நீ அவ்வளவு பயந்திருந்தே. உன் பேச்சை மீறி அங்க குடிபோயிருந்தா, ஒவ்வொரு மழைக்கும் நீ வந்து எங்க வாசல்ல நின்னிருப்பே. உனக்காகத்தான் விட்டோம். ரெண்டு பேரும் பேசித்தான் விட்டோம்."

அவர் அதை எதிர்பார்க்கவில்லை. தான் அவர்களைக் காப்பாற்றியதாகத்தான் இத்தனை காலமும் நினைத்துக்கொண்டிருந்தார். அவர்கள் அவரைக் காப்பாற்றியிருக்கிறார்கள்.

தங்கை எழுந்துபோய் டீ போட்டுக் கொண்டுவந்தாள். அவர் டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு, "வாங்கப் போறவங்க நல்ல மாதிரி. கேட்டா விடுவாங்க. ஒருநாள் வந்து உள்ள பார்த்துட்டு வரலாமா?" என்றார்.

"வேண்டாம்ணா."

"சும்மா பார்க்கத்தான்."

"இப்பவும் எனக்கு அது பிடிச்சிருந்துதுன்னா என்ன பண்றது?"

அவர் வற்புறுத்தவில்லை. டீயைக் குடித்துவிட்டுக் கிளம்பினார். இளம் தம்பதி அந்த வீட்டை வாங்கினார்கள், இரண்டு கம்பிக்கு மூன்றாகப் போட்டுக் கட்டினார்கள். கீழே பெரிய அறையில் அவர்கள் சைக்கிள்களையும் உடைந்த ஃபேன்களையும் போட்டு வைத்திருப்பதாகக் கேள்விப்பட்டார். டொக்டொக் சார் அதற்குப் பிறகும் சில வருஷம் வீடு பார்க்கப் போனார். சொந்தக்காரர்கள் யாராவது கூப்பிட்டால் மட்டும், வேறு ஒருவரின் நம்பரைக் கொடுத்துவிட்டு ஒதுங்கிக்கொண்டார். தலைக்கனம் பிடித்துவிட்டது என்று அவர்கள் பேசிக்கொண்டார்கள். அதை அவர் மறுக்கவில்லை.